வெள்ளவத்தையில் யாருமே இல்லை

போர்க்காலம். வடக்கிலிருந்து வந்தவர்கள் தங்கியிருந்த கொழும்பு வெள்ளவத்தை லொட்ஜ்களில் நான் எடுத்த கணக்கெடுப்பை இலவச மென்பொருள் ஒன்றில் ஏற்றினேன். எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவன் நான். வேலை நிரந்தரமாவது இந்த அறிக்கையில்தான் தங்கியிருந்தது. இரண்டு பொத்தான்களை அழுத்தியதும் அட்டவணை அழகாக வந்தது. ஆனால் ‘வசிக்கும் இடம்’ என்பதில் வெள்ளவத்தைக்கு நேரே பூச்சியம்.

“என்ன தம்பி, பேயளிட்டயோ கேட்டு எழுதினனீர்?” என்றார் மேலதிகாரி.

படிவங்களைத் திரும்பப் பார்த்தோம். எல்லாரும் ஊர் விலாசத்தையே சொல்லியிருந்தார்கள்.

“சரி, நீர் எங்க இருக்கிறீர்?”

“பருத்தித்துறை, ஐயா.”

நான்கு வருடமாக நானும் லொட்ஜில்தான். அவர் சிரிக்கவில்லை.

“கேள்விய மாத்திக்கொண்டு திரும்பப் போம். வேலைய நிரந்தரமாக்கிறதப் பிறகு பாப்பம்.”

புதிய படிவம் ஒன்றில் முதலில் என் அறை இலக்கத்தை எழுதினேன். கூட இருப்போர் என்ற இடத்தில் ‘ஒருவருமில்லை’ என்று போட்டேன்.