செவலைக்கு மூன்று வேளை

இரண்டாயிரத்துப் பதினொன்றில், நிலக்கரிச் சுரங்க நகரியத்தில் எங்கள் குவார்ட்டர்ஸின் பின்பக்கம் ஒன்பது பூனைகள் இருந்தன. ஒன்றுகூட முழுசாக இல்லை. இரண்டுக்குக் கண் கிடையாது; குட்டியாக இருந்தபோதே சளி பிடித்துப் பீளை கட்டிப் போனவை. வெள்ளைப் பூனைக்குக் காது கேட்காது. கறுப்புக்கு மூன்றே கால். செவலையைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். மற்றவை ரிட்டயர் ஆகிச் சொந்த ஊருக்குப் போனவர்கள் விட்டுவிட்டுப் போன கிழங்கள், பல் இல்லாதவை. எங்களுக்கு முன்னால் அந்த வீட்டில் இருந்தவர்கள் மாடு கட்டிய கொட்டகைக்குக் கம்பிவலை அடித்து அவற்றை வைத்திருந்தேன்.

இப்படி ஆகும் என்று திட்டம் போட்டுச் செய்யவில்லை. எனக்கு ஓரிடத்தில் உட்கார வராது. ஸ்டோர்ஸில் கிளார்க் வேலை, ஜெனரல் ஷிப்ட். என் வீட்டுக்காரர் சுரங்கத்தில் மண்வெட்டும் இயந்திரம் ஓட்டினார். மகள் கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் சேர்ந்த வருடம், வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் கைகால் பரபரவென்று இருக்கும். துடைத்த மேசையையே துடைப்பேன். அந்தச் சமயத்தில் முதல் குருட்டுப் பூனை வந்தது. பிறகு ஒவ்வொன்றாக வந்துகொண்டே இருந்தன.

செவலையைக் கொண்டுவந்தது எங்கள் ப்ளாக்கில் தெரு பெருக்கிய அக்கா. கான்ட்ராக்ட் வேலை, முத்தாண்டிக்குப்பத்திலிருந்து விடியற்காலையில் கிளம்பி வருவார். என்னைவிட நான்கைந்து வயது மூத்தவர். ஒருநாள் குப்பை வண்டியில் சாக்கு விரித்து, அதன்மேல் ஒரு செவலைப் பூனையைப் படுக்கவைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார். பின்னங்கால்கள் இரண்டும் துணிபோலக் கிடந்தன. பஸ் ஸ்டாண்டு ஓரம் ஏதோ வண்டி ஏறிவிட்டதாம். எங்கள் கொட்டகையில் குருட்டுப் பூனைகளைப் பார்த்திருந்ததால் எங்கே கொண்டுபோவது என்று யோசிக்கவே இல்லை.

கால்நடை மருத்துவர் பார்த்துவிட்டு, முதுகெலும்பு போய்விட்டது, கால் திரும்ப வராது என்றார். அது பெரிய விஷயம் இல்லை, சிறுநீர்தான் பிரச்சினை என்றார். செவலையால் தானாகப் போக முடியாது. அடிவயிற்றில் எலுமிச்சம்பழம்போல் தட்டுப்படும் பையை விரல்களால் மெதுவாக அழுத்தி நாம்தான் வெளியேற்ற வேண்டும். ஒரு நாள் முழுக்க விட்டால் விஷமாகிவிடும். அவர் என் கையைப் பிடித்து அழுத்திக் காட்டினார். முதல் வாரம் எனக்கு வரவேயில்லை; தினமும் அவரிடமே தூக்கிக்கொண்டு ஓடினேன். அழுத்தினால் வலிக்குமோ என்ற பயத்தில் பாதியிலேயே கையை எடுத்துவிடுவேன், பூனை கடிக்கும். எட்டாவது நாளோ ஒன்பதாவது நாளோ சட்டென்று பை கையில் பிடிபட்டது, சர்ரென்று வந்தது. நான் அழுதுவிட்டேன்.

அன்றிலிருந்து காலை ஆறு, மதியம் ஒன்று, மாலை ஏழு. மதியம் சாப்பாட்டு நேரத்தில் ஸ்கூட்டியில் பறந்து வந்து, அழுத்தி, துடைத்து, புண்ணுக்கு மருந்து தடவி, கை கழுவி, திரும்பவும் சங்கு ஊதுவதற்குள் ஸ்டோர்ஸில் நிற்பேன். கல்யாணம், காதுகுத்து எதற்கும் போவதில்லை. போனாலும் பந்தியில் உட்கார்ந்து கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். எதிர்வீட்டுக்காரர் நல்ல மனிதர்தான், ஆனால் பார்க்கும்போதெல்லாம் ஒன்றையே சொல்வார்: நாய் என்றாலும் பரவாயில்லை, நன்றி இருக்கும், பூனைக்கு அதுவும் கிடையாதே. செவலை என்னைப் பார்த்து ஒருநாளும் குழைந்ததில்லை. வேலை முடிந்ததும் முன்னங்கால்களால் இழுத்துக்கொண்டே மூலைக்குப் போய் முதுகைக் காட்டிப் படுத்துக்கொள்ளும்.

அந்த வருடக் கடைசியில் வீட்டுக்காரருக்கு நெஞ்சில் அடைப்பு என்று தெரிந்தது. சென்னையில் பைபாஸ். பத்து நாளாவது ஆகும் என்றார்கள். எனக்கு முதலில் என்ன தோன்றியது என்று சொல்லவே கூச்சமாக இருக்கிறது. செவலைக்கு யார் என்றுதான் தோன்றியது.

அக்கா தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். மூன்று நாள் பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தேன். எனக்கு ஒன்பது நாள் பிடித்த வேலை அவருக்கு இரண்டாவது தடவையே வந்துவிட்டது. ஆடு மாடு பார்த்த கை. காலையில் வேலைக்கு வரும்போது, மதியம், வீட்டுக்குத் திரும்பும் முன் ஆறு மணிக்கு என்று நேரம் பேசிக்கொண்டோம். சாவியைக் கொடுத்துவிட்டுப் போனேன்.

ஆபரேஷன் நன்றாக முடிந்தது. மூன்றாம் நாள் காலையில் புயல். மருத்துவமனை டீவியில் கடலூர், பண்ருட்டி என்று ஓடியது. தலைகீழாகக் கிடந்த கூரைகளையும், வேரோடு சாய்ந்த பலாமரங்களையும் காட்டினார்கள். அக்காவின் போன் அடிக்கவில்லை. எதிர்வீட்டுக்காரர் போன், ஆபீஸ் போன், எதுவும் இல்லை. வராந்தாவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன். ஒவ்வொரு வேளையும் மணி பார்த்தேன். ஒன்று ஆயிற்று, மாலை ஆறு ஆயிற்று, மறுநாள் காலை ஆறு ஆயிற்று. இருபத்துநான்கு மணிநேரம் தாண்டியபோது, செத்திருக்கும் என்ற முடிவுக்கே வந்துவிட்டேன். கண் தெரியாததுகள் வலை கிழிந்து வெளியே போயிருந்தால் என்ன செய்யும்? அக்கா என்ன ஆனார் என்ற நினைப்பு அதற்குப் பிறகுதான் வந்தது. அந்த வரிசையை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

வீட்டுக்காரரை வார்டுக்கு மாற்றியிருந்தார்கள். நான் கட்டில் பக்கம் உட்காருவதும் எழுவதுமாக இருப்பதைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தவர் மெல்லச் சொன்னார்:

"போய்ட்டு வா. என் தம்பி இருக்கான்ல. நீ இங்க இருந்தும் இல்லாம இருக்க."

கோபமாகச் சொல்லவில்லை. அதனாலேயே எனக்கு அதிகமாக உறைத்தது. ஆனாலும் போனேன்.

பண்ருட்டிக்குப் பிறகு பஸ் நகரவில்லை. காடாம்புலியூர்ப் பக்கம் சாலையின் இரண்டு புறமும் முந்திரித் தோப்புகள் படுத்துக் கிடந்தன. வெட்ட ஆள் இல்லாமல் மரங்கள் தார் ரோட்டின் குறுக்கே கிடந்தன. இறங்கி நடந்து, ஒரு டிராக்டரில் ஏறி, மறுபடி நடந்து, சாயங்காலம் நகரியத்துக்குள் நுழைந்தபோது எனக்குத் திசையே தெரியவில்லை. ப்ளாக்குகளை மரங்களை வைத்தே அடையாளம் கண்டு பழகியிருந்தேன். மரங்கள் இல்லை. கரன்ட்டையே நாட்டுக்குக் கொடுக்கும் ஊரில் ஒரு விளக்கு எரியவில்லை.

வீட்டு வாசலில் யாரோ கல் கூட்டி அடுப்பு மூட்டியிருந்தார்கள். அக்காவின் வீட்டுக்காரர் சோறு வடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று பின்பக்கம் கைகாட்டினார். கொட்டகையின் கூரை ஷீட் பறந்துபோயிருந்தது. சமையலறையில் அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் என் பழைய புடவைகளை விரித்துப் பூனைகள் கிடந்தன. அக்கா தரையில் உட்கார்ந்து செவலையை மடியில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்திப் பார்த்துவிட்டு, கையை எடுக்காமல் வேலையை முடித்தார்.

பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். விடிவதற்கு முன்பே அவர் வீட்டுக் கூரை போய்விட்டது. சுவர் ஓரம் ஒண்டிக்கொண்டிருந்தார்கள். காற்று சற்றுத் தணிந்ததும், மழையிலேயே, வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு நடந்தே கிளம்பிவிட்டார். வழியெல்லாம் விழுந்த மரங்கள். ஏறியும் குனிந்தும் வந்து சேர நண்பகல் தாண்டிவிட்டது. சொந்தக் கூரையை யாரும் அப்படிப் போட்டுவிட்டு வர மாட்டார்கள். ஏன் அக்கா வந்தீங்க என்று கேட்டேன். நன்றி சொல்ல வேண்டிய இடத்தில் கேள்விதான் வாயில் வந்தது.

அவர் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"கூர போனது போச்சு, ஒக்காந்து பாத்துகினு இருந்தா வருமா? இது அடக்கிகினு கெடக்குமேம்மா. அதுக்குத் தானா போவத் தெரியாதே."

கண் தெரியாத பூனைகளில் ஒன்றை மட்டும் காணோம் என்று சொல்லும்போதுதான் குரல் உடைந்தது. வலை கிழிந்த பக்கம் போயிருக்க வேண்டும். இரண்டு நாள் விழுந்த கிளைகளுக்குள் எல்லாம் குனிந்து குனிந்து தேடியிருக்கிறார். நானும் தேடினேன். கிடைக்கவில்லை.

அவர்கள் இருவரும் தை முடியும்வரை எங்கள் வீட்டிலேயே இருந்தார்கள். வெளியாட்களைக் குவார்ட்டர்ஸில் தங்கவைக்கக் கூடாது என்று தெரிந்தும், எதிர்வீட்டுக்காரர் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. ஒருநாள் இரவல் வாங்கிய ஏணியோடு வந்து கொட்டகைக்குத் தார்ப்பாய் கட்டிவிட்டுப் போனார். வீட்டுக்காரர் தையல் போட்ட நெஞ்சோடு திரும்பி வந்தபோது கட்டில் காலடியில் மிஞ்சிய குருட்டுப் பூனை படுத்திருந்தது. விரட்டவில்லை. என்னோடு இரண்டு வாரம் சரியாகப் பேசவும் இல்லை. அவரை வார்டில் விட்டுவிட்டு நான் கிளம்பி வந்ததை அவர் மறக்கவில்லை. மறக்கச் சொல்லிக் கேட்க எனக்கும் வாய் இல்லை.

அக்காவுக்கு என்ன செய்வது என்று மண்டையைக் குடைந்துகொண்டேன். புடவை எடுத்துக் கொடுத்தேன். வாங்கி மடித்து வைத்துவிட்டார். வேறென்ன வேண்டும் என்று திரும்பத் திரும்பக் கேட்டு அவரைத் தொந்தரவு செய்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். கடைசியில் ஒருநாள் சொன்னார்:

"ஒண்ணும் வேணாம்மா. புதுக் கூர போட்டுட்டோம். வூட்டுக்கு வந்து ஒரு வேள சோறு துன்னுட்டுப் போ. அவசரப்படாம துன்னு."

சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். மதிய வேளைக்குச் செவலையை அன்று பார்த்துக்கொண்டது வீட்டுக்காரர். நான் கேட்கவில்லை. கிளம்பும்போது, "எனக்கும் காட்டு, எங்க அழுத்தணும்னு" என்றார். புதுக் கூரையின் கீழே கருவாட்டுக் குழம்பும் சோறும். அக்கா பரிமாறினார், நான் மணி பார்த்தேன், நான் பார்த்ததைப் பார்த்து அவர் சிரித்தார். சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது கொல்லையில், சாய்ந்த முந்திரி மரத்தின் வேர்க்குழியிலிருந்து குட்டி கத்தும் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தோம். சாம்பல் நிறம். நிற்க முயன்றால் தலை ஆடி, உடம்பு ஆடி, ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

அக்கா என் முகத்தைப் பார்த்தார். நான் வேண்டாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அதற்குள் அவர் உள்ளே போய் ஒரு துணிப்பை எடுத்து வந்துவிட்டார்.

பஸ்ஸில் அந்தப் பை என் மடியில் துள்ளிக்கொண்டே வந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் கோழியா என்று கேட்டார். பூனை என்றேன், நடக்க வராத பூனை. அவர் சற்று நகர்ந்து, பை நசுங்காமல் எனக்கு இடம் விட்டு உட்கார்ந்தார்.