மதகைத் திறந்து காட்டியது

ஏரித் தண்ணீரில் கரண்டு எடுக்கலாம் என்று எங்கள் ஊரில் சொல்லிவிட்டுப் போன அதிகாரி நல்ல மனிதர்தான். தண்ணீர் விழுகிற இடத்தில் சின்னச் சக்கரம் வைத்தால் நாலைந்து ஊருக்கு விளக்கு எரியும், அதற்கு இடம் பார்க்கிறோம், மார்கழிக் கடைசியில் வந்து அளப்போம் என்றார். உத்திரமேரூர்ப் பக்கம் அருவிக்கு எங்கே போவது? இருந்தது ஏரி மதகு ஒன்றுதான்.

அந்த மதகு என் நைனாவின் கையில் இருந்தது. அதைத் திறந்து மூடி, வயல் வயலாகத் தண்ணீர் பாய்ச்சுகிற கம்புகட்டி அவர். அறுப்பு முடிந்ததும் களத்தில் துண்டை விரித்து நிற்பார். ஊர் நெல் அளந்து போடும். எங்கள் சோறு அதுதான். மதகு எங்கள் சேரிப் பக்கம் இருந்ததால், சக்கரம் வந்தால் முதல் விளக்கு எங்களுக்குத்தான் என்று நம்பினார். லேசில் எதையும் நம்புகிறவர் இல்லை அவர்.

ஊர்ப் பெரியவர்கள் பெண் பார்க்க வருகிறவர்களுக்குத் தயாராவது போலத் தயாரானார்கள். அளக்க வருகிற அன்று மதகை முழுக்கத் திறந்துவிடச் சொன்னார்கள்.

"கதிரு பால் புடிக்கற நேரம் ஆண்டே. கடைசிக் கயனிக்கு இந்தத் தண்ணிதான் கீது," என்றார் நைனா.

"ஒரு காலைதானடா. ஜோரா வியுந்தாத்தான் அந்தாளு நம்ம ஊர எய்திக்கினு போவாரு," என்றார் ஒரு பெரியவர்.

நைனா திறந்தார். விளக்கு ஆசை அவருக்கும் இருந்ததே. ஆனால் அதிகாரி அன்று வரவில்லை. எந்த நேரமும் வரலாம் என்று பெரியவர்கள் மதகை மூட விடவில்லை. மறுநாள் சாயங்காலம்தான் வந்தார். அதற்குள் வயல் கொண்டது போக மிச்சத் தண்ணீரில் பெரும்பகுதி ஓடை வழியே செய்யாற்று மணலுக்குப் போய்விட்டது.

அவர் அளந்து பார்த்துவிட்டு, "சித்திரையிலும் இப்படி விழுமா?" என்று கேட்டார். ஒரு பெரியவர் மறுபடியும் மதகையே கைகாட்டினார்.

"வருஷம் பூரா விழுந்தாத்தான் சக்கரம் வைக்க முடியும். இந்த இடம் சரிப்படாதுங்க," என்று சொல்லிப் புறப்பட்டார். சித்திரையில் எங்கள் ஏரியில் ஆடு மேயும். அதை முன்பே கேட்டிருந்தால் ஆடுகூடச் சொல்லியிருக்கும்.

தண்ணீர் எட்டாமல் கடைசிக் கழனிகள் பதராகின. பஞ்சாயத்தில், திறக்கச் சொன்ன வாய்களே "யாரக் கேட்டுத் தொறந்த?" என்றன. நைனா தலை குனிந்தபடி நின்றார். மதகை வேறொருவரிடம் கொடுத்துவிட்டார்கள். அதன்பின் நைனா ஏரிக்கரை ஏறவே இல்லை. சாப்பிட்டார், படுத்தார், அவ்வளவுதான்.

அடுத்த வருஷம் நல்ல மழை. நான் கூலிக்குக் கதிர் அறுத்துக்கொண்டிருந்தேன். களத்தில் நெல் அளக்கிற நேரத்துக்கு நைனா வந்தார். எப்போதும் நிற்கிற இடத்தில் துண்டை விரித்துக்கொண்டு நின்றார். புதிய கம்புகட்டிக்கு அளந்து போட்டார்கள். நைனாவைப் போ என்று யாரும் சொல்லவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை. அளந்து முடித்து மரக்காலைக் கவிழ்த்து வைத்த பிறகும் அவர் நின்றுகொண்டிருந்தார்.

நான் போய்த் துண்டை மடித்து அவர் தோளில் போட்டேன். "வா நைனா, வூட்டுக்குப் போலாம்."

கூடவே நடந்து வந்தார். ஏரிக்கரை அடியில் வந்ததும் நின்றார். மேலே ஏறவில்லை.

"ஏரில தண்ணி எவ்ளோ கீதும்மா?" என்று என்னைக் கேட்டார்.