கெவினின் காலி வயிறு

டெஸ்பினா கராஸுக்கு நல்ல செய்தி வந்தால் முகம் சுருங்கும். பதினோரு வருடமாக அவளுடைய ஆய்வுக்கூடத்தில் தொழில்நுட்ப உதவியாளனாக இருக்கிறேன். இந்தக் குணம் மட்டும் எனக்கு இன்னும் பழகவில்லை.

அடிலெய்ட் மலைகளில் காட்டுத்தீ அணைக்கப் போகிறவர்களின் சட்டை முதுகில் தைக்கிற ஆன்டெனாதான் அவளுடைய ஆராய்ச்சி. மனித உடம்பு ரேடியோ அலையைக் குடித்துவிடும். அதைத் தடுக்க, ஆன்டெனாவுக்கும் முதுகுக்கும் நடுவே வெள்ளி நூலில் குட்டிக் குட்டிச் சதுரங்கள் தைத்த துணி ஒன்றை வைத்திருந்தாள். சதுரத்தின் அளவு சரியாக அமைந்தால் அலை உடம்புக்குள் போகாமல் வெளியே திரும்பிவிடும்.

அவள் தம்பி லாம்ப்ரோஸ் அப்படித் தீயணைக்கப் போகும் ஒரு தன்னார்வக் குழுவில் இருந்தான். போன கோடையில் புகைக்குள் அரை மணி நேரம் அவன் ரேடியோவில் கத்தியது யாருக்கும் கேட்கவில்லை. அடுத்த கோடை தொடங்கும் நவம்பருக்குள் குழுவுக்கே சட்டை தைத்துத் தருவதாக வாக்குக் கொடுத்திருந்தாள்.

அக்டோபரில் சோதனை. அலை பட்டுத் திரும்பாதபடி சுவரெல்லாம் நீல நுரைக் கூம்பு பதித்த அறையில், கெவின் என்கிற எங்கள் பிளாஸ்டிக் பொம்மைக்குச் சட்டையை மாட்டி, சுழல்மேடையில் நிறுத்திச் சுற்றவிட்டோம். அலை துளிகூட வீணாகவில்லை. வேறு யாராக இருந்தாலும் எனக்கு பீர் வாங்கித் தந்திருப்பார்கள். இவள் மூன்று நாள் கேபிள்களைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தாள். உடம்பு எதையுமே குடிக்காமல் விடுமா என்பதுதான் அவள் கேள்வி. எனக்கு எரிச்சலாக வந்தது.

நான்காம் நாள் போகிற போக்கில் கெவினின் வயிற்றைத் தட்டினாள். டொங் என்றது.

உடம்புக்கு ஈடாகக் கெவினுக்குள் உப்புத் தண்ணீர் நிறைந்திருக்க வேண்டும். செப்டம்பரில் அது நாற்றமெடுத்ததால் நான்தான் வடித்தேன். திரும்ப நிரப்ப மறந்துவிட்டேன். அதை அவளிடம் சொன்னேன்.

திட்டுவாள் என்று நினைத்தேன். "அப்போ இத்தனை நாளா காலி டப்பாவுக்கு ஆன்டெனா செஞ்சிருக்கோம், ரஸ்," என்றாள். கோபமே இல்லை, அடுத்து என்ன என்று பார்க்கிற ஆசைதான் கண்ணில். நிரப்பி அளந்தோம். அலையில் பாதிக்கு மேல் காணாமல் போயிருந்தது.

உடனே ஸ்பீக்கரில் தம்பிக்கு போன் போட்டு, இந்தக் கோடைக்குச் சட்டை கிடையாது என்றாள். அவன் விடவில்லை.

"பாதி கேட்டாக்கூட ஒண்ணுமில்லாததுக்கு மேலதானே, டெஸ்?"

"அதை நம்பி நீ இன்னும் நூறடி உள்ள போவடா. அதான் எனக்குப் பயம்."

"உன் பொம்மைக்கு என்னை மாதிரி தொப்பை இருக்கா?" என்று கேட்டான்.

"இல்ல."

"அப்போ சனிக்கிழமை வர்றேன். என்னையே நிக்க வெச்சு சுத்து."

தனியாக வரவில்லை, ஆறு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தான். ஒவ்வொருவராகச் சட்டையை மாட்டி மேடையில் சுற்றினார்கள். ஏழு உடம்புக்கும் திரையில் ஏழு விதமாகக் கோடு விழுந்தது. அவளுக்குச் சாப்பாடே மறந்துபோனது.

நவம்பரில் அவர்கள் பழைய சட்டையோடுதான் மலைக்குப் போனார்கள். தீ எச்சரிக்கை வந்த நாளெல்லாம் டெஸ்பினா குனிந்து சதுரங்களைத் திருத்தி வரைந்துகொண்டிருந்தாள். போன் அடித்தால் மட்டும் அவள் எடுக்கவில்லை. நான் எடுத்து, லாம்ப்ரோஸ்தான் பேசுகிறான் என்று சொன்ன பிறகே கையை நீட்டினாள்.