ரூபனுக்கு எட்டு வயது

சாஆ என்ற எங்கள் சிற்றூரின் பேருந்து நிலையத்துக்கு எதிரே பிரேமலா அக்காவின் பொம்மைக்கடை. அங்கே பொம்மை வாங்குவதைவிட அடையாள அட்டை எடுப்பது சுலபம் என்று நான் சொல்வதுண்டு. காசை நீட்டினால் போதாது. யாருக்கு, என்ன வயது, வீட்டில் அதைவிடச் சின்னக் குழந்தை உண்டா, எல்லாவற்றுக்கும் பதில் சொல்லவேண்டும். கரடிப் பொம்மையின் கண்ணைப் பிடித்து இழுத்துப் பார்ப்பார். பேட்டரி மூடியில் திருகாணி இல்லையென்றால் அந்தச் சரக்கு வந்த வழியே திரும்பிப் போகும். ஒருமுறை என் தங்கை மகளுக்குக் காந்த மணிகள் கேட்டேன். "ரெண்டை முழுங்கிட்டா கொடலைக் கவ்விக்கும். வேற கடையிலயும் வாங்காதீங்க" என்று விரட்டிவிட்டார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் வாங்கவில்லை.

அவர் கணவர் காளியப்பன், எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறவர். "நீ கடை நடத்துறியா, போலீஸ் ஸ்டேஷன் நடத்துறியா?" என்பார்.

"புள்ளைங்க விஷயம்ங்க. எனக்குத் தெரியும்" என்பார் அக்கா. பேச்சு அதோடு முடிந்துவிடும்.

போன மாதம் பக்கத்துத் தெரு கஸ்தூரி தன் மகன் ரூபேந்திரனைக் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்தாள். அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை ரூபனின் எட்டாவது பிறந்தநாள். ஆள் உயரம்தான், ஆனால் பேச்சு அதிகம் வராது. கையில் கிடைப்பதையெல்லாம் இன்னும் வாயில் வைப்பான். அது தெரிந்த அக்கா, கேள்வியே கேட்காமல், பெரிய வளையங்களைக் கம்பில் அடுக்கும் சாமானை எடுத்து வைத்தார்.

"இது சேஃப். கடிச்சாலும் ஒடையாது."

கஸ்தூரியின் முகம் வாடிவிட்டது.

"போன வருஷமும் இப்படித்தான்க்கா. ஒருத்தவங்க பேப்பர் சுத்தாமலே கிலுகிலுப்பை வாங்கிட்டு வந்தாங்க. புள்ளைங்க எல்லாம் பாப்பா சாமான், பாப்பா சாமான்னு சிரிச்சாங்க. இவனும் கூடச் சேர்ந்து சிரிச்சான். நான் ரூம்ல போய் அழுதேன். அவனுக்கு எட்டு வயசுக்கா. எட்டு வயசுப் பையனுக்குக் குடுக்கிற மாதிரி ஒண்ணு குடுங்க."

எட்டு வயதுக்கான சாமான்கள் கடையில் நிறைய இருந்தன. எல்லாவற்றிலும் சின்னச் சின்னத் துண்டுகள். அலமாரியை மேலிருந்து கீழ்வரை பார்த்தார் அக்கா. வாயில் போனால் என்ன ஆகும் என்பதைத்தான் அவர் எப்போதும் யோசிப்பார். பையனின் மானத்தை யோசித்ததில்லை. அது அவருக்குச் சுருக்கென்று தைத்தது.

ரூபன் எந்தப் பொம்மையையும் பார்க்கவில்லை. வாசலில் நின்று, சாலையில் போகும் செம்பனை லாரிகளைப் பார்த்தபடி, ஸ்டியரிங் பிடிப்பதுபோல இரண்டு கைகளையும் திருப்பிக்கொண்டிருந்தான்.

"கடையில இல்ல. ஞாயித்துக்கெழம நானே கொண்டு வரேன், கவலைப்படாத" என்றார் அக்கா.

அன்றே காளியப்பனின் லாரியைப் பழுது பார்க்கும் பட்டறைக்குப் போனார். மூலையில் பழைய ஸ்டியரிங்குகள் கிடந்தன. ஒன்றில் விரிசல், வேண்டாம். இன்னொன்றில் ஹாரன் பட்டன் ஆடியது. அதைப் பிடுங்கி, ஓட்டையை அடைத்து, கனமான பலகையில் சுழலும்படி பொருத்தி, திருகாணிகளை மரத்துக்குள் புதைக்கச் சொன்னார். "அலமாக்! லாரி செய்யிறதே ஈஸி லா" என்று பட்டறைக்காரர் மலாய் கலந்து அலுத்துக்கொண்டார். விளிம்பு முழுக்க நகத்தால் சுரண்டிப் பார்த்து, எதுவும் உதிரவில்லை என்று தெரிந்த பிறகே அக்கா வீட்டுக்கு எடுத்துவந்தார். சோப்புப் போட்டுத் தேய்தேய் என்று தேய்த்தார்.

"என் லாரியக்கூட யாரும் இப்படிக் கழுவுனதில்ல" என்றார் காளியப்பன்.

"உங்க லாரிய யாரும் கடிக்க மாட்டாங்க."

விருந்துக்கு நானும் போயிருந்தேன். விருந்தாளிகள் போன பிறகு பரிசைப் பிரிப்பதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். அக்கா அதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. தானே காகிதத்தைக் கிழித்து, பலகையை ரூபன் முன்னால் வைத்தார். அவன் உட்கார்ந்தான். முதல் வேலையாக ஸ்டியரிங்கைக் கடித்தான். கஸ்தூரி பதறினாள், அக்கா அசையவில்லை. பிறகு அவன் இரண்டு கைகளாலும் பிடித்துத் திருப்பினான். தொண்டையிலிருந்து ஒரு லாரி உறுமிக்கொண்டு கிளம்பியது.

பிள்ளைகள் கேக்கைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்கள். "டேய், நெஜ லாரி ஸ்டியரிங்டா!" "அடுத்து நானு!" வரிசையே நின்றுவிட்டது. ரூபன் பிடியை விடவில்லை.

போன வருஷம் பாப்பா சாமான் என்று முதலில் சிரித்த அடுத்த வீட்டு ஷர்மினி, கண்ணில் நீர் முட்ட அடுப்படியில் இருந்த கஸ்தூரியிடம் ஓடினாள். "ஆன்ட்டி, ரூபன் எனக்குத் தரவே மாட்டேங்குறான்!"

மகனைப் பற்றி இப்படி ஒரு புகார் கஸ்தூரிக்கு அதுவரை வந்ததே இல்லை. கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"அவன்கிட்டயே கேளு கண்ணு. அது அவன் லாரி."