சோலைமுத்து அண்ணாச்சி பார்த்த பதம்

ராஸ் அல் கைமாவில் நான் வேலை பார்த்த சுண்ணாம்புக்கல் குவாரியில் சோலைமுத்து என்று ஒருவர் இருந்தார். கேம்ப் மெஸ்ஸில் முந்நூறு பேருக்குச் சோறு வடிக்கிற கூட்டத்தில் அவரும் ஒருவர். ஊர் கோவில்பட்டிப் பக்கம். விமானம் ஏறுவதற்கு முன் இருபது வருஷம் கடலை மிட்டாய்ப் பட்டறையில் பாகு காய்ச்சியவர். இதெல்லாம் பின்னால்தான் தெரிந்தது. 2004 மார்ச் வரைக்கும் எனக்கு அவர் காலை பத்து மணிக்கு லேபுக்கு டீ கொண்டுவருகிற ஆள், அவ்வளவுதான். பேரைக்கூடக் கேட்டதில்லை. எம்.எஸ்ஸி. ஜியாலஜி படித்துவிட்டு வந்தவனுக்குக் கொஞ்சம் கொழுப்பு இருக்கத்தானே செய்யும்.

அந்த மார்ச்சில் மெஸ்ஸை வெளி காண்ட்ராக்டருக்கு விடுவதாகக் கம்பெனி முடிவு செய்தது. மாத முடிவில் மெஸ் ஆட்களுக்கெல்லாம் விசா கேன்சல். மறுநாள் டீயை வைத்துவிட்டு அவர் போகாமல் நின்றார்.

"சார், லேபுல கழுவ, தொடைக்க ஆளு வேணுமா? மக ஜோதிமணி நர்சிங் ரெண்டாம் வருசம் படிக்கா. நான் இப்பத் திரும்பிப் போனா அவ படிப்பு அதோட நின்னுரும்."

"மேனேஜர்கிட்ட கேளுங்க" என்றேன், தலையை நிமிர்த்தாமல். தலைக்குமேல் வெள்ளம் போய்க்கொண்டிருந்தது, எனக்கு.

வெள்ளம் இதுதான். புதிதாகத் தோண்டப்போகிற மலையிலிருந்து பன்னிரண்டு கல் துண்டுகள் வந்திருந்தன. ஒவ்வொன்றையும் கண்ணாடிச் சில்லில் ஒட்டி, தலைமுடியைவிட மெல்லிசாகத் தேய்த்து, வெளிச்சம் ஊடுருவுகிற மாதிரி ஆக்கி மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டும். பார்த்தபிறகு கண்ணாடியிலிருந்து கழற்றி வெளிநாட்டு லேபுக்கு அனுப்ப வேண்டும். இன்னொரு செட் கிடையாது. வியாழக்கிழமை கெடு. இந்தக் காலத்துப் பசைகள் ஒட்டினால் விடாது. ஒட்டவும் வேண்டும், கேட்டால் விடவும் வேண்டும் என்றால் அதற்குப் பழைய சரக்குதான். கனடா பால்சம்.

பால்சம் ஃபிர் என்ற மரத்தின் பிசின் அது. நம் இமயமலையில் இருக்கிற ஃபிர் மரங்களுக்குப் பங்காளி. குளிர்நாட்டுக் காட்டில் கோபுரம் போல மேலே போகப்போகக் குறுகி நிற்கும். கிறிஸ்துமஸுக்கு வெட்டி வீட்டுக்குள் வைப்பார்களே, அந்தச் சாதி. மரம் லேசு, பெட்டி செய்யவும் காகிதம் செய்யவும் போகும். பிசின் மட்டும் தனி ரகம். எத்தனை வருஷம் ஆனாலும் பூத்துப்போகாது. கண்ணாடிக்கு நடுவே வைத்தால் கண்ணாடியோடு கண்ணாடியாக மறைந்துவிடும். கல்லூரியில் இதையெல்லாம் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். காய்ச்ச மட்டும் தெரியாது. ஹாட் பிளேட்டில் குறைவாகக் காய்ச்சினால் பிசுபிசுவென்று கல் வழுக்கியது. கூடுதலானால் மஞ்சளித்துப் பொரிந்தது. நல்லவேளை, பழகுவதற்கு வெறும் ஜல்லியை வைத்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது தடவை பொரிந்தபோது பின்னாலிருந்து குரல் வந்தது.

"சார், பதம் தப்பிட்டு."

எனக்குச் சுருக்கென்றது. "இது என்ன அதிரசமா? போய் வேலையப் பாருங்க" என்று கத்திவிட்டேன். அவர் கோப்பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் நாலாவதையும் கெடுத்துவிட்டு, அரை மணி நேரம் மேசையை முறைத்துப் பார்த்துவிட்டு, வெட்கத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு மெஸ்ஸுக்கே போனேன்.

"அண்ணாச்சி, கொஞ்சம் வாறீங்களா?"

ஒரு வார்த்தை குத்திப் பேசவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். ஒரு கிண்ணத்தில் பச்சைத் தண்ணீர் கேட்டார். பிசின் காய்ந்துகொண்டிருக்கும்போதே ஊசி முனையில் ஒரு பொட்டு எடுத்துத் தண்ணீரில் விட்டு, விரலால் உருட்டி, நகத்தால் அழுத்திப் பார்த்தார். மறுபடி ஒன்று, மறுபடி ஒன்று. கடைசிப் பொட்டு நகத்தடியில் டக்கென்று உடைந்தது. "இறக்கிருங்க" என்றார்.

நானும் அவசரத்தில், ஜல்லியில் சோதிக்காமல், ஏழாம் நம்பர் நிஜக் கல்லையே ஒட்டிவிட்டேன். தேய்க்க ஆரம்பித்தேன். காகிதக் கனத்துக்கு வந்தபோது கல்லின் ஓரம் கண்ணாடியைவிட்டுக் கிளம்ப ஆரம்பித்தது. பசை நெடுக விரிசல் விட்டிருந்தது.

அவர் முகம் வெளிறிப்போனது. "கடலை மிட்டாய்ப் பதத்துக்கு எடுத்துட்டேன் சார். கைப்பழக்கம். போச்சு, என்னால உங்க வேலைக்கும் ஆபத்து."

 சூடு பட்டால் இந்தப் பிசின் மறுபடி இளகும் என்று புத்தகத்தில் படித்த ஒரு வரி எனக்கு ஞாபகம் வந்தது. சில்லை அப்படியே ஹாட் பிளேட்டில் வைத்தேன். ஒரு நிமிடத்தில் பிசின் இளகியது. கல் துண்டு சேதாரம் இல்லாமல் வழுக்கி வந்தது. இரண்டு பேரும் மூச்சுவிட்டோம்.

"என்ன சார் இது, இவ்வளவு நல்ல சாமானா இருக்கு! கடலையும் பாகும் சேந்தா சேந்ததுதான். இது நம்ம தப்ப மன்னிச்சு விட்டுருதே" என்றார்.

அடுத்த தடவை அதிரசப் பதத்துக்கும் மிட்டாய்ப் பதத்துக்கும் நடுவே நிறுத்தினார். நகம் அழுத்தினால் தடம் விழ வேண்டும், ஒட்டவும் கூடாது, உடையவும் கூடாது. ஜல்லியில் சரியாக நின்றது. பிறகு பன்னிரண்டும் நின்றன. காய்ச்சி ஒட்டியது அவர், தேய்த்தது நான். நடுவே ஒருநாள், இது எந்த மரத்துப் பால் என்று கேட்டார். சொன்னேன். பட்டையில் கொப்புளம் கொப்புளமாக இருக்கும், அதைக் குத்தினால் வடியும் என்றேன்.

"குத்துனா மரம் பட்டுப்போகாதா?"

"போகாது. ரெண்டு மூணு வருசம் விட்டா மறுபடி கொப்புளம் கட்டும்."

"மகராசி" என்றார். மரத்தைத்தான்.

புதன்கிழமையே மேனேஜரிடம் லேபுக்கு ஒரு ஹெல்பர் வேண்டும் என்று சொல்லிவைத்தேன். முதலில் ஸ்லைடைக் காட்டுங்கள், பிறகு பார்க்கலாம் என்றார். அவர் பேர் செய்கு முகம்மது, காயல்பட்டினத்துக்காரர், கறாரான மனிதர். வியாழக்கிழமை வந்து மைக்ராஸ்கோப்பில் பன்னிரண்டையும் பார்த்தார்.

"மாஷா அல்லாஹ்! கை நல்லாத் தேறிட்டீங்களே விஜயபாஸ்கர். ஹெட் ஆபீசுக்கு உங்க பேரப் போட்டு எழுதுறேன். ஆமா, இவ்வளவு சுத்தமா நீங்களே செய்றீங்க, அப்புறம் ஹெல்பர் எதுக்கு? அது வேணாம்."

இங்கேதான் நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். சட்டென்று வாய் திறக்கவில்லை. ஹெட் ஆபீஸ் என்ற சொல் காதில் இனித்தது. கதவுக்கு வெளியே வாஷ் பேசினில் சோலைமுத்து முதுகைக் காட்டிக்கொண்டு கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தார். அவருக்கு நாங்கள் பேசுவது கேட்டிருக்காது. நான் சும்மா இருந்திருந்தால் அவருக்குத் தெரியவே போவதில்லை. இன்னும் ஆறு நாளில் விமானம் ஏறியிருப்பார், எனக்கு நன்றியும் சொல்லிவிட்டு. ஒரு முழு நிமிடம் அப்படி நின்றேன்.

"சார், பசை நான் காய்ச்சினதில்ல. எனக்கு அது வரல. அவர் காய்ச்சினது" என்றேன் கடைசியில்.

மேனேஜர் அவரை உள்ளே கூப்பிட்டார். "என் முன்னாடி ஒண்ணு செய்ங்க, பாப்போம்."

சோலைமுத்து கிண்ணத்தில் தண்ணீர் பிடித்துவந்து செய்துகாட்டினார். 

"எங்க படிச்சீங்க இத?"

"கோவில்பட்டியில சார். கடலை மிட்டாய்ப் பட்டறையில."

கறாரான மனிதர் குலுங்கிச் சிரித்தார். "காயல்பட்டினத்துக்காரன் கோவில்பட்டி மிட்டாயக் குறை சொல்ல முடியுமா? கலாஸ், பேச்சு முடிஞ்சது. லேப் அசிஸ்டென்ட்னு விசா மாத்தச் சொல்றேன்."

அன்று சாயங்காலம் டெலிபோன் கார்டு வாங்கிக்கொண்டு, குவாரி வாசலில் இருக்கிற பூத்துக்குப் போனார். என்னையும் கூட வரச் சொன்னார், புதுப் பதவியின் பேரைச் சரியாகச் சொல்லவேண்டுமாம். நான் பக்கத்தில் நின்றேன்.

"ஜோதிமணி, அப்பா வரல தாயி. இங்கனயே இருக்கேன், நீ மூணாம் வருசத்துக்குச் சேந்துக்கோ. வேற வேல குடுத்துட்டாங்க. ஒரு மரத்துப் புண்ணியம்... அதெல்லாம் சொன்னா ஒனக்குப் புரியாது. இங்க ஒரு சார் இருக்காரு. நான் மறுபடி கேக்காமலே எனக்காகப் பேசுனாரு. கொஞ்சங்கூட யோசிக்கல தாயி, ஒடனே பேசிட்டாரு. அவருக்குத் தேங்ஸ் சொல்லு."

ரிசீவரை என் கையில் கொடுத்தார்.