மாலை போட்ட மூன்றாம் நாள்

எட்டாவதோடு பள்ளியை விட்டவன் நான். ஊர் ஊராகத் திரிந்து கூடுவாஞ்சேரியில் பெயிண்ட் வேலைக்குச் சேர்ந்தபோது, என்னோடு சாரம் ஏறியவன் அவன். காலையில் ஒரு குவார்ட்டர் உள்ளே போகாவிட்டால் அவனுக்குப் பிரஷ் பிடிக்க வராது. இருபது வருஷப் பழக்கம்.

கார்த்திகை முதல் தேதி அவனைக் கோயிலுக்குக் கூட்டிப்போய் மாலை போடவைத்தேன். குடியை நிறுத்த எங்களுக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான். மாலை கழுத்தில் இருக்கும்வரை யாரும் பாட்டிலைத் தொடமாட்டார்கள். அவன் மனைவி அன்று வீட்டையே கழுவிவிட்டாள்.

மறுநாளே அவனுக்குக் கை நடுங்கியது. வியர்த்துக் கொட்டியது. சோறு இறங்கவில்லை.

"பச்சத்தண்ணி குளியல் சாமி, ரெண்டு நாள்ல பழகிடும்" என்றேன்.

மூன்றாம் நாள் காலை வேலைக்குக் கூப்பிடப் போனேன். சுவரைக் கையால் தட்டித் தட்டி விட்டுக்கொண்டிருந்தான்.

"இன்னாபா இவ்ளோ எறும்பு? செவுரு பூரா ஏறிகினு கீது பாரு."

சுவரில் ஒன்றுமில்லை. அவன் உடம்பு முழுக்க உதறியது. எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டு அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"சாமி எறங்கிட்சு. கற்பூரம் ஏத்தும்மா!"

அவன் மனைவி ஏற்றினாள். நான் அவன் காலில் விழுந்து குறி கேட்டேன். "சாமி, எந்த ஊர்லயாவது எனக்குக் கால் தரிக்குமா?"

"எறும்பு, எறும்பு" என்றான். அதற்கும் ஒரு பொருள் இருக்கும் என்று நினைத்தேன். அப்படியே அரைமணி நேரம் போயிற்று. பிறகு கண் செருகி, வாந்தி எடுத்து, வலிப்பு வந்து விழுந்தான்.

ஆஸ்பத்திரியில் டாக்டர், "கடைசியா எப்போ குடிச்சார்?" என்று கேட்டார்.

"மூணு நாளா தொடல சார். மாலை போட்டுகீறாரு." பெருமையாகத்தான் சொன்னேன்.

"தினமும் குடிச்சவர் திடீர்னு நிறுத்தினா உடம்பு தாங்காதுப்பா. நடுக்கம் வந்த அன்னிக்கே கூட்டிட்டு வந்திருக்கணும். அட்மிட் பண்ணி, மருந்து, விட்டமின் ஊசி போட்டு நிறுத்தவெச்சிருப்போம்."

ஊசி போட்டதும் உதறல் அடங்கியது. ஆனால் வாந்தி நுரையீரலுக்குள் போயிருந்தது. இரண்டு நாள் இருந்தான்.

காரியம் முடிந்த அன்று அவன் மனைவி கேட்டாள்: "குடிச்சிகினே இருந்திருந்தா இன்னிக்கு இருந்திருப்பாராண்ணா?"

"கொஞ்ச நாள் இருந்திருப்பான்மா" என்றேன்.

முதல் நடுக்கத்திலேயே ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தால் குடிக்காமலேயே இருந்திருப்பான். அதை அவளிடம் நான் சொல்லவில்லை. மறுவாரம் சேலையூர்ப் பக்கம் வேலை கிடைத்ததென்று கிளம்பிவிட்டேன்.