வணக்கமுங்க வரைக்கும்

என் வீட்டுக்காரர் காலமான பிறகு, அவர் குரல் என்று என்னிடம் மிஞ்சியது ஒரே ஒரு வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜ்தான். “எல்லாருக்கும் வணக்கமுங்க” என்று ஆரம்பித்து, காலில் ரப்பர் செருப்பு இருந்தால் கரண்ட் ஒன்றும் செய்யாது என்று சொல்லியிருப்பார். யாரோ சொன்னதை நம்பி, குடும்ப குரூப்பில் அவர் போட்டது.

அது சரியா, தப்பா என்று நான் யோசிக்கவே இல்லை. அவர் குரல் நாலு பேர் காதில் விழட்டும் என்று சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பினேன். மழைக்காலம் வந்தால் மறுபடியும் அனுப்புவேன்.

போன ஐப்பசியில், கடத்தூரில் இருக்கும் என் நாத்தனார், பாதியில் நின்றுபோன கிரைண்டரை பிளக்கைப் பிடுங்காமலே திறந்திருக்கிறாள். காலில் செருப்பு இருந்தது. இன்னொரு கை ஈரச் சுவரில் இருந்தது. கரண்ட் தூக்கி எறிந்ததில்தான் பிழைத்தாள்.

ஆஸ்பத்திரியில் கட்டுப்போட்ட கையோடு படுத்திருந்தவள், “அண்ணனே சொல்லியிருக்குதேன்னுதான் தொட்டேன் அண்ணி” என்றாள். கொஞ்சம் கழித்து, “அண்ணன் சொன்னது தப்புன்னு யார்கிட்டயும் சொல்லிடாதீங்க” என்றாள்.

சொன்னேன். அன்றைக்கே என் குரலில் எல்லாருக்கும் அனுப்பினேன். “அவர் சொன்னது தப்புங்க. பிளக்கைப் பிடுங்காம எதையும் தொடாதீங்க. அந்த மெசேஜை அழிச்சிடுங்க.”

என் போனில் மட்டும் அழிக்கவில்லை. தினமும் போட்டுக் கேட்கிறேன். “வணக்கமுங்க” முடிந்ததும், அடுத்ததைச் சொல்ல அவர் மூச்சு இழுப்பது கேட்கும். அங்கேயே நிறுத்திவிடுவேன்.